சந்தனம் வைத்த இடம்

செப்டம்பர் 24, புதன்

முருகா துணை.

கொலு இரண்டாம் நாள். படி ஐந்து, பொம்மை நாற்பத்தொன்று. போன வருடம் நாற்பத்திரண்டு. செட்டியார் பொம்மைக்குக் கழுத்து போய்விட்டதால் இந்த வருடம் செட்டிச்சி தனியாக உட்கார்ந்து கடை நடத்துகிறாள். நைவேத்தியம் பாசிப்பயறு சுண்டல்.

சுண்டல் தாளித்துக்கொண்டிருக்கும்போது பட்டறையிலிருந்து அவர் குரல். "சாந்தா, தட்டு கொண்டா."

தட்டு என்றால் அந்த ஒரு தட்டுதான். என் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டு, விளிம்பில் பெயர் வெட்டியது. அது இப்போது சாப்பாட்டுக்கு இல்லை, துப்பாக்கிச் சாமான் வைக்க மட்டும். அவர் ஒவ்வொன்றாகத் தருவார்; நான் வரிசையாக வைத்து எண்ணிச் சொல்ல வேண்டும். பூட்டும்போது எண்ணிக் கொடுக்க வேண்டும். கிண்ண வாசர் எட்டு, ரப்பர் வளையம் மூன்று, பித்தளைப் பிஸ்டன் ஒன்று. கிண்ண வாசர் என்பது நடுவில் ஓட்டை போட்ட குட்டிக் கிண்ணம்தான். வாய்க்கு வாய், முதுகுக்கு முதுகு என்று அடுக்க வேண்டும். ஒன்று திரும்பினாலும் அளவு மாறிவிடும். கணக்கில் நான் கெட்டி என்று அவருக்குத் தெரியும். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றாலும் கந்த புராணம் முழுவதையும் நானாகவே எழுத்துக்கூட்டிப் படித்தவள்.

இது எங்கள் மகள் பர்ணியின் துப்பாக்கிக்கான ரெகுலேட்டர். காற்றுத் துப்பாக்கிக்கு மருந்தும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். குழாயில் பம்பால் அடைத்த காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. அடைத்த புதிதில் காற்றுக்கு வேகம் அதிகம், சுடச் சுடக் குறையும். அதனால் முதல் குண்டு போன இடத்துக்கு முப்பதாவது குண்டு போகாது. நடுவில் ரெகுலேட்டர் பூட்டினால், பின்னால் எவ்வளவு காற்று இருந்தாலும் ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரே அளவைத்தான் விடும். அவர் எனக்குச் சொன்னது இப்படி: "பந்தியில பரிமாறறவனாட்டம். அண்டா நெறஞ்சிருந்தாலுஞ் சரி, அடி தெரிஞ்சாலுஞ் சரி, எலைக்கு ஒரு கரண்டி."

ரப்பர் வளையத்தை என் கையில் கொடுத்து, "நகத்துல தடவிப் பாரு, எங்கியாச்சும் கீறல் தட்டுப்படுதான்னு" என்றார். தடவினேன். ஒன்றுமில்லை. முன்பெல்லாம் இதை அவரே பார்ப்பார். என் மேல் நம்பிக்கை கூடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 27, சனி

புரட்டாசிச் சனி. தளிகை போட்டேன். மாவிளக்கு ஒன்று.

சாப்பிடும்போது பர்ணி சொன்னாள், பயிற்சியாளர் மறுபடியும் கேட்டாராம். வெளிநாட்டுத் துப்பாக்கி ஒன்று வாடகைக்குக் கிடைக்கிறதாம். அக்டோபர் ஐந்தாம் தேதி திருச்சியில் மாநிலத் தேர்வுப் போட்டி. ஜூனியர் வயது இவளுக்கு இந்த டிசம்பரோடு முடிகிறது. இதில் வரவில்லை என்றால் அப்புறம் பெரியவர்களோடுதான் நிற்க வேண்டும். அங்கே இவளுக்கு இடம் கிடைக்காது என்று அவளே சொல்கிறாள். ஐந்து வருடம் காலையில் ஐந்தரைக்கு எழுந்து கிளப்புக்குப் போனது எல்லாம் இந்த ஒரு நாளுக்காக.

"நீ என்ன சொன்னே?" என்று அவர் கேட்டார். தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"எங்கப்பா ரெகுலேட்டர் போட்டுக் குடுத்துட்டு இருக்காரு, அது போதுமுங் சார்னேன்."

"அவரு சிரிச்சிருப்பாரே?"

"சிரிச்சாரு. உங்கப்பா மோட்டர் பட்டறைல செஞ்சதான்னாரு. ஆமாங் சார், மோட்டரும் ஓடும் குண்டும் ஓடும்னுட்டு வந்துட்டேன்."

அவர் இரண்டாவது தடவை சாதம் போட்டுக்கொண்டார். சர்க்கரைக்காரர், போடக்கூடாது. நான் தடுக்கவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

பட்டறையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அட்டை கட்டி, பர்ணி சுட்டுப் பார்த்தாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து காற்று அளவு காட்டும் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று கந்த சஷ்டிக் கவசம் மனதுக்குள் சொன்னேன். நாற்பது குண்டு. அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். நடுவில் ஒரே ஓட்டை, அதுவும் என் சுண்டு விரல் நுழையாத அளவு.

"அப்பா!" என்று கத்திக்கொண்டு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர், "உடு அம்மிணி, கிரீஸ் கை" என்றார். முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை.

காப்பி கொண்டுபோனேன். கொதிக்கக் கொதிக்க இருந்தது, துண்டில் பிடித்துத்தான் கொண்டுபோனேன். அவர் டம்ளரை அப்படியே விரலால் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். சாயங்காலம் பார்த்தால் இரண்டு விரலில் கொப்புளம். பேச்சு சுவாரசியத்தில் கவனிக்கவில்லையாம். மஞ்சள் போட்டேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காலை நான்கிலிருந்து வேலை. லேத்துக்கு மாலை ஒன்று, டிரில் மிஷினுக்கு ஒன்று, அவர் வண்டிக்கு, பர்ணி வண்டிக்கு ஒவ்வொன்று. அரிவாள்மனை, மிக்ஸி, தையல் மிஷின், ஸ்பேனர் பதினான்கு எல்லாவற்றுக்கும் பொட்டு. பொரி, கடலை, வெல்லம் படி கணக்கில். பூசணிக்காய் இரண்டு.

சந்தனம் நானே அரைத்தேன். கடையில் விற்கிற பொடி எனக்குப் பிடிக்காது. கல்லில் பச்சைக் கற்பூரம் ஒரு சிட்டிகை சேர்த்து, விரலில் எடுத்தால் ஒழுகாத பதம்.

துப்பாக்கியைப் பலகையில் பட்டு விரித்துச் சாய்த்து வைத்தேன். இந்த வருடம் அதற்குத்தான் முதல் பூஜை. கட்டையில் மூன்று பொட்டு, குழாயில் மூன்று. குழாயின் பக்கவாட்டில், ரெகுலேட்டர் இருக்கும் இடத்தில், கடுகளவு ஒரு குழி இருந்தது. பொட்டு வைக்கவென்றே வைத்தாற்போல் இருந்தது. அதில் சந்தனத்தை நன்றாக அழுத்தி வைத்து மேலே குங்குமம் வைத்தேன். மற்ற பொட்டெல்லாம் காய்ந்து உதிர்ந்தது. அது மட்டும் உதிராமல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"முருகா, பர்ணிக்குக் கை நடுங்காம, அவங்கப்பனுக்குப் பேர் கெடாம இருக்கணும்" என்று வேண்டிக்கொண்டு தீபாராதனை காட்டினேன். மூன்று பேரும் விழுந்து கும்பிட்டோம்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. பொட்டையெல்லாம் ஈரத் துணியால் துடைத்தேன். பர்ணி சம்பிரதாயத்துக்குப் பத்து குண்டு சுட்டுவிட்டு உறையில் போட்டுவிட்டாள். கொலு எடுத்து வைத்தாயிற்று. பொம்மை நாற்பத்தொன்றும் சரி.

அக்டோபர் 3, வெள்ளி

அப்பாவும் மகளும் திருச்சிக்குக் கிளம்பினார்கள். எலுமிச்சை சாதம், தயிர் சாதம் தனித்தனியாக. அவருக்கு மாத்திரை வேளைவாரியாக ஆறு பொட்டலம். பர்ணி பையில் திருநீறு வைத்தேன். "எதுக்கும்மா, துப்பாக்கிக்கே பூசிட்டியே" என்று சிரித்தாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

பத்து மணிக்குப் போட்டி. ஒன்பதே முக்காலுக்கு விளக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

போன் வரவில்லை. நானாகப் போட்டேன். அவர் எடுத்து, "பஸ் ஏறப்போறோம்" என்றார். "என்னாச்சுங்க?" "வந்து சொல்றேன்."

பிரசாதத்துக்குச் செய்த கேசரியை மூடி வைத்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

விடியக் காலையில் வந்தார்கள். பர்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அவர் வாசலிலேயே கால் கழுவிக்கொண்டு நின்றார், வெகு நேரம்.

மத்தியானம்தான் பேச்சு வந்தது. பர்ணியே சொன்னாள். முதல் பத்து குண்டு நடுவில்தானாம். அப்புறம் ஒன்று கொஞ்சம் மேலே போனதாம். குறியைக் கொஞ்சம் கீழே இறக்கினாளாம். அடுத்த ஐந்து சரி. மறுபடியும் மேலே. மறுபடியும் இறக்கினாளாம்.

"எறக்க எறக்க அது ஏறிட்டே போச்சும்மா. எம் மேல தப்பா, மூச்சுல தப்பா, நிக்கறதுல தப்பான்னு தெரியாமயே அறுபது குண்டும் சுட்டேன். கடைசீல தெரிஞ்சுது, உள்ற காத்து அளவு ஏறிருச்சு. ரெகுலேட்டர் போயிருச்சு."

கேட்டுக்கொண்டே நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், யாருடையதோ போல.

"ரப்பர் ஓ-ரிங் சரியா ஒக்காரலை போல அம்மிணி" என்றார்.

"போலவா?" என்றாள் பர்ணி. "போலன்னா என்னப்பா?"

இருபத்தேழாவது இடம். எட்டுப் பேரைத்தான் எடுத்தார்களாம்.

அக்டோபர் 7, செவ்வாய்

அவர் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். தட்டு கேட்கவில்லை. ஒரு தடவை மட்டும் கதவைத் திறந்து, "ஊக்கு இருந்தா ஒண்ணு குடு" என்றார். தாலிக் கயிற்றில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன். திருப்பித் தரவில்லை.

சாப்பிட வந்தபோது என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டார். ரசம் மட்டும் போதும் என்றார்.

அக்டோபர் 10, வெள்ளி

பர்ணி கல்லூரிப் பக்கத்தில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கப்போகிறாளாம். பரீட்சைக்குப் படிக்க என்று சொன்னாள். துணி, புத்தகம், ஒரு தலையணை. துப்பாக்கியை எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் லேத்தின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடினார். "மழைத் தண்ணி ஒழுகுதுங்களா?" என்று கேட்டேன். "ஆமா" என்றார். அங்கே ஒழுகுவதில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

பல் டாக்டர் அருள்தாஸ் வந்திருந்தார். கிளப்பில் பொழுதுபோக்குக்குச் சுடுகிறவர். போன மாதம் தன் துப்பாக்கியையும் ரெகுலேட்டர் போடக் கொடுத்திருந்தார். இவர் அதைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

"என்னங்க நாச்சிமுத்து, கோவமா எங்கூட?"

"இல்லீங் டாக்டர். இனி நாஞ் செய்யறதில்லீங்."

"நான் வேற ஆளுக்கு எங்க போவேன்? சரி, அம்மிணிக்குப் போட்டதையாவது காட்டுங்க, பாத்துட்டுப் போறேன்."

நான் காப்பியோடு போனபோது டாக்டர் அந்தக் குழாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதென்னங்க பக்கத்துல ஒரு ஓட்டை? நமக்கு ஓட்டையைப் பாத்தாலே கை அரிக்கும். அடைச்சுரட்டுமா?" என்று சிரித்தார்.

"அடைச்சுராதீங் சாமி" என்றார் இவர். "அதுதான் மூச்சு. எந்த ரப்பரும் துளியூண்டு கசியத்தாஞ் செய்யும். கசிஞ்ச காத்து அந்த ஓட்டை வழியா வெளிய போயிரும். அடைஞ்சுதுன்னா உள்ற கிண்ணத்துக்குள்ள தங்கிக்கிட்டு, கொஞ்சங் கொஞ்சமா அளவு ஏறி..."

அப்போது என்னைப் பார்த்தார்.  "காப்பி குடிங் டாக்டர், ஆறிப்போகும்" என்றார்.

டாக்டருக்குச் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவர் சொல்லாமல் குடித்தார்.

அக்டோபர் 13, திங்கள்

வழக்கமான வேலைகள். எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 17, வெள்ளி

சந்தனம் அரைக்க உட்கார்ந்தேன். கல்லில் தண்ணீர் விட்டேன். எழுந்துவிட்டேன். இன்று சாமிக்குக் குங்குமம் மட்டும்.

அவர் ஆஸ்பத்திரிக்குச் சர்க்கரை பார்க்கப் போன நேரத்தில் பட்டறைக்குப் போய் அந்தக் குழாயை எடுத்துப் பார்த்தேன். ஓட்டை சுத்தமாக இருந்தது. ஜன்னலுக்கு நேராகப் பிடித்தால் வெளிச்சம் தெரிந்தது. அப்படியானால் நான் வைத்தது அதில் நிற்கவில்லை. துடைத்தபோதே வந்துவிட்டிருக்கிறது. அவர் சொன்னதுபோல ரப்பர்தான் சரியாக உட்காரவில்லை. மனசு லேசாயிற்று. முருகனுக்கு ஒன்றே கால் ரூபாய் முடிந்து வைத்தேன்.

மேஜை இழுப்பறையை மூடும்போது ஊக்கு கண்ணில் பட்டது. என்னுடையதுதான். நுனியில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. கிரீஸாக இருக்கும். அங்கேயே வைத்துவிட்டேன். முகர்ந்து பார்க்கவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. முறுக்கு நூற்றிருபது, அதிரசம் அறுபது. பர்ணி நேற்று இரவு வந்தாள், இன்று சாயங்காலமே போய்விட்டாள்.

அவர் அவளுக்கு எண்ணெய் வைத்துவிடப் போனார். சின்ன வயதிலிருந்து தீபாவளிக்கு முதல் எண்ணெய் அவர்தான் வைப்பார். பர்ணி தலையை விலக்கிக்கொண்டு, "நானே வெச்சுக்கறேன்" என்றாள்.

பலகாரம் சாப்பிடும்போது அவர் கையிலிருந்து அதிரசம் நழுவி விழுந்தது. அவருக்குத் தெரியவில்லை. வெறும் கையை வாய்க்குக் கொண்டுபோனார். பர்ணி பார்த்துவிட்டாள்.

"எத்தனை நாளாப்பா இப்படி?"

"என்ன அம்மிணி?"

"வெரல்ல ஒணர்ச்சி இல்லாம. எத்தனை நாளா?"

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இந்தக் கையிலதான் என்ற துப்பாக்கியைப் பூட்டுனீங்களா? சொல்லியிருக்கலாமில்ல? எங்கைக்கு ஒண்ணுந் தெரியறதில்லை, நீ வாடகைக்கே எடுத்துக்கன்னு ஒரு வார்த்தை? கிளப்பு பூரா எங்கப்பா எங்கப்பான்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனே நான்!"

"தப்புதான் அம்மிணி. என்ற கைதான்" என்றார் அவர்.

நான் அடுப்பங்கரை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். எண்ணெய் புகைந்தது. போய் அடுப்பை அணைத்தேன்.

பர்ணிக்கு அதிரசம் பத்து, முறுக்கு இருபது கட்டிக் கொடுத்தேன். அவள் டப்பாவைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அக்டோபர் 22, புதன்

சஷ்டி விரதம் ஆரம்பம். ஆறு நாளும் ஒரு வேளை பாலும் பழமும். இந்த வருடம் என்ன வேண்டுதல் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அக்டோபர் 25, சனி

தலை சுற்றுகிறது. கவசம் சொல்லும்போது நடுவில் வரி மறந்துபோகிறது. முப்பது வருடமாக மறந்ததில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

நேற்று சூரசம்ஹாரம். இன்று திருக்கல்யாணம் பார்த்துவிட்டு வந்து, விரதம் முடிக்கும் முன்னால் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். அவர் பட்டறைத் திண்டில் உட்கார்ந்து லேத் பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருள் நிற்காமல் திரும்பத் திரும்பப் பிரிந்தது.

"ஏனுங்க. அந்தக் குழாய் ஓட்டை."

"ம்."

"ஆயுத பூஜையன்னிக்கு நான்தான் அதுல சந்தனம் வெச்சேன். அழுத்தி வெச்சேன்."

அவர் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

 பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வந்த மறுநாளே பிரிச்சேன். ரப்பர் மூணும் புதுசாட்டம் இருந்துச்சு. கிண்ணம் எட்டும் சரி. ஊக்கை உட்டுப் பாத்தா மஞ்சளா வந்துச்சு. மோந்து பாத்தேன். பச்சைக் கற்பூரம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே மாமா."

"சொன்னா நீ அப்புறம் அந்தச் சாமி ரூமுக்குள்ள நிம்மதியாப் போவியா?" என்றார். "நாஞ் செஞ்சதும் தப்புதான். ஓட்டையை அடியில போட்டிருக்கணும். ஆயுத பூஜைக்கு நீ எதுக்குமே பொட்டு வெக்காம உடமாட்டேன்னு எனக்குத் தெரியாதா?"

"பர்ணிகிட்டச் சொல்லிரலாம். உங்க கை மேல தப்பில்லைன்னு."

"வேண்டாம். அம்மிணிக்குக் கோவிச்சுக்க ஒரு ஆளு வேணும். அது நானே இருந்துட்டுப் போறேன். நீயுங் கெடைக்காமப் போனா அவ எங்க போவா?"

நான் கேட்டேன். "உங்க கையில தப்பில்லைன்னு தெரிஞ்சும் ஏன் பட்டறையை மூடுனீங்க?"

அவர் கையை விரித்துக் காட்டினார். கொப்புளம் ஆறிய இடம் வெள்ளையாக இருந்தது. "பிரிச்சதைத் திருப்பிப் பூட்ட ஒக்காந்தேன். கிண்ணம் ரெண்டு கீழ வுழுந்துச்சு. வுழுந்ததே தெரியலை சாந்தா. சத்தங் கேட்டுத்தாந் தெரிஞ்சுது. நாலு தடவை. அப்புறம் உட்டுட்டேன்."

பெல்ட் மறுபடியும் பிரிந்தது. நான் வாங்கிச் சுருட்டிக் கட்டினேன்.

"அம்மிணிக்குப் போட்டது நல்லாத்தான் போட்டிருந்தேன்" என்றார். "கடைசியா நல்லாப் போட்டது அதான்."

பால் காய்ச்சினேன். விரதம் முடித்தேன்.

நவம்பர் 13, வியாழன்

லேத்தை சிங்காநல்லூர்க்காரர் எடுத்துப்போனார். நாளைக்கு வருவதாக இருந்தவரை, வெள்ளிக்கிழமை வீட்டுப் பொருளை வெளியே அனுப்பக்கூடாது என்று நான்தான் இன்றைக்கே வரச் சொன்னேன்.

வண்டியில் ஏற்றும் முன்னால், "பொட்டு வெச்சு அனுப்பு" என்றார் அவர். சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றேன். கை வரவில்லை.

"எங்கீங்க வெக்கறது?"

"எங்க வேண்ணாலும் வை. அதுக்கு ஓட்டை இல்ல" என்று சிரித்தார். சிங்காநல்லூர்க்காரரும் என்னவென்று தெரியாமல் சிரித்தார்.

இருபத்திரண்டு வருடம் அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை. சோடா போட்டுத் தேய்த்தேன். போகவில்லை.

நவம்பர் 24, திங்கள்

பர்ணிக்குப் போன் போட்டேன். கார்த்திகைக்கு வா என்றேன். "பாக்கறேம்மா" என்றாள். "அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்கவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். போனில் சொல்லும் விஷயமில்லை என்று வைத்துவிட்டேன். இப்படியே ஒரு மாதமாகிறது. அவர் சொல்ல வேண்டாம் என்றார், அதனால் சொல்லவில்லை என்று சாமியிடம் சொல்கிறேன். தீபாவளியன்று அவர் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அதைச் சாமி கேட்பதற்கு முன்னால் எழுந்துவிடுகிறேன்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். அகல் ஐம்பத்தொன்று, திரி ஐம்பத்தொன்று.

பர்ணி ஐந்து மணிக்கு வந்தாள். மெலிந்திருக்கிறாள். விளக்கெல்லாம் அவளே வரிசையாக வைத்தாள். ஒன்றைப் பட்டறையில் வைக்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"லேத் எங்கம்மா?"

"குடுத்தாச்சு."

"எப்ப? எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

அவர் வாசலில் சொக்கப்பனை பார்க்கப் போகிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். பட்டறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அகலின் வெளிச்சத்தில் தரையில் அந்தக் கறை மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"நான் அப்படிப் பேசுனதாலதான் குடுத்துட்டாரா?" என்றாள்.  "கோவத்துல சொன்னேன்மா. அவரு கை இப்படியானதுக்கு அவரு என்ன பண்ணுவாரு?"

அப்போது சொன்னேன். அவர் வேண்டாம் என்றதை மீறிச் சொன்னேன். "அவரு கை உன் துப்பாக்கியில தப்புப் பண்ணலை பர்ணி. நல்லாத்தான் பூட்டியிருந்தாரு. அந்த மூச்சு ஓட்டையில நான் சந்தனம் வெச்சு அடைச்சுட்டேன். பூஜையன்னிக்கு. தெரியாம வெச்சேன்."

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பு வருவதுபோல ஒரு நிமிஷம் முகம் போயிற்று. "சந்தனமா?" என்றாள். "இருபத்தேழாவது எடம். சந்தனத்துக்கா?"

நான் தலையை ஆட்டினேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

பொய் சொல்ல வாய் வந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "பல் டாக்டர் வந்தப்ப. தீபாவளிக்கு முன்னாடி."

"தீபாவளிக்கு முன்னாடி" என்று திருப்பிச் சொன்னாள். "அப்ப நான் அப்பாவை அத்தனை பேச்சும் பேசினப்ப, நீ அங்கதானம்மா நின்னுட்டு இருந்தே? கேட்டுட்டுத்தானே இருந்தே?"

நான் அகலின் திரியைத் தூண்டிவிட்டேன். 

அவள் வெளியே போய் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். "அப்பா, என்ற துப்பாக்கியை எடுங்க. அதைப் பூட்டலாம்."

"இனி என்னத்துக்கு அம்மிணி? இந்த மாசத்தோட வயசு முடியுதே."

"சுடறதுக்கில்ல. பிரிஞ்சு கெடக்க வேண்டாம். நீங்க சொல்லுங்க, நாம் பூட்டறேன்."

அவர் என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார். ஏன் சொன்னாய் என்று கேட்கவில்லை.

நான் அடுப்பங்கரைக்கு வந்தேன். அங்கிருந்து பேச்சு கேட்டது. "வாய்க்கு வாய் அம்மிணி. இப்ப முதுகுக்கு முதுகு. திருப்பாத." "இப்படீங்களாப்பா?" "நகத்துல தடவு. தட்டுப்படுதா?" "இல்லீங்."

தட்டை எடுத்துக்கொண்டு பட்டறை வாசலுக்குப் போனேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சாமான்கள் ஒரு செய்தித்தாளின் மேல் கிடந்தன.

"தட்டு வேணுமா? எண்ணித் தரட்டுமா?" என்று கேட்டேன்.

பர்ணி நிமிரவில்லை. "வேண்டாம்மா. எங்களுக்குத் தெரியுது."

தட்டைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன். விளிம்பில் என் பெயரில் இருந்த கிரீஸ் போயிற்று. அதில் பொரி உருண்டைகளை அடுக்கிச் சாமி முன்னால் வைத்தேன்.

எத்தனை என்று எண்ணவில்லை.